பச்சைமலையில் பெருக்கிய மரத்தடி

எனக்கு வயது அறுபத்தெட்டு. வளர்த்தது ஆறு பேரை. நான் பெற்றது நாலு, என் நாத்தனார் கண்ணை மூடியபோது விட்டுப்போன இரண்டு. ஆறு பேரும் இன்று தங்கள் காலில் நிற்கிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிட்டால், இனி நான் சொல்லப்போவதைக் கேட்டு "இந்தக் கிழவிக்கு வேறு வேலை இல்லையா" என்று யாரும் கேட்க மாட்டார்கள். வேலையை எல்லாம் முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். பஸ் பலகை வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன். அதற்கு மேல் பேனா பிடித்தால் விரல் மரத்துப்போகும். அதனால் நான் சொல்லச் சொல்ல மூத்தவன் மகள் எழுதுகிறாள். புத்தகத்தில் இருக்கிற மாதிரி திருத்திப் போடு, ஆனால் ஆள் பேசுகிற இடத்தில் மட்டும் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

உடையார்பாளையத்துக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் நடுவில் உள்ளே தள்ளி எங்கள் ஊர். ஊரிலிருந்து எங்கள் முந்திரிக் கொல்லைக்குப் பஸ் போகாத செம்மண் பாதை. என் வீட்டுக்காரர் இருந்தவரை அவர் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனேன். அவர் போன பிறகு கொஞ்ச காலம் நடந்தேன். முழங்கால் மாட்டேன் என்றது. ஒரு முந்திரிப் பருவம் முடிந்ததும் மொபெட் வாங்கினேன். ஓட்டக் கற்றுக்கொண்டது கொல்லைக்குள்ளேயேதான், மரத்துக்கு மரம் வளைந்து வளைந்து. லைசென்ஸுக்கு எட்டுப் போடச் சொன்னபோது காலேஜ் பிள்ளைகள் எல்லாம் பாதியில் காலை ஊன்றினார்கள். நான் ஊன்றவில்லை. "இன்னொரு தடவ போடுங்கம்மா, பாக்க நல்லாருக்கு" என்றார் ஆபீஸர். போட்டேன்.

இந்த வருஷம் தை மாதத்தில் உடையார்பாளையம் ரோட்டில் ஒரு லாரி ஒதுக்கியதில் வண்டியோடு பள்ளத்தில் இறங்கிவிட்டேன். முட்டியில் தோல் போனது, அவ்வளவுதான். அன்று சாயந்திரமே என் மூத்தவன் வண்டிச் சாவியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அவனும் லாரி ஓட்டுகிறவன்தான். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிறவன்.

"லாரி சீட்டுல ஒக்காந்து பாத்தாத்தாம்மா தெரியும். ஒன்ன மாதிரி சின்ன வண்டிங்க எங்க கண்ணுலயே படாது. எவனாவது ஏத்திட்டுப் போயிட்டான்னா?"

"ஏத்துறதுக்கு நான் என்ன சுண்ணாம்புக்கல்லா?"

"சிரிக்காத. கொல்லையக் குத்தகைக்கு விட்டுடலாம். நீ வூட்ல இரு."

"வூட்ல இருந்து? ஒம் பொண்டாட்டிக்குச் சமையல் சொல்லிக் கொடுக்கவா?"

அடுப்படியிலிருந்து மருமகள், "என்னைய எதுக்கு இழுக்குறீங்க அத்தை? நான் பாட்டுக்கு ரசம் வெச்சுக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

நாலு நாள் பொறுத்தேன். கொல்லையில் பூ உதிர்ந்து பிஞ்சு கட்டுகிற காலம். அங்கே போகாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகையில் அம்மாவை மட்டும் வாசலோடு நிறுத்திய மாதிரி இருந்தது. சாவி போனால் கொல்லையும் போகும். குத்தகைக்காரன் மரத்தைப் பார்க்க மாட்டான், கொட்டையைத்தான் பார்ப்பான். அடுத்த நாள் மூத்தவனோடு வாய்ச்சண்டை.

"கொல்லைக்குப் போயிட்டு வரதெல்லாம் ஒரு ஓட்டமா?" என்றான். "பச்சமலை வளைவுல ஏறி எறங்கிட்டு வந்து பேசு. லாரிக்காரனே அங்க கியரத் தேடுவான்."

அவன் கோபத்தில் சொன்னது. நான் விடவில்லை.

"ஏறி எறங்கிட்டா அப்புறம் சாவியப் புடுங்க மாட்டியே?"

இதோ எழுதிக்கொண்டிருக்கிறாளே என் பேத்தி, அவள் நடுவில் புகுந்தாள். "அப்பா, ஒத்துக்காதீங்க, அப்பத்தா போயிடும்."

அப்படித்தான் பேச்சு முடிவானது. ரெண்டு ராத்திரி மலையில் தங்க வேண்டும். நானே ஏறி, நானே இறங்கி, நானே வீடு வந்து சேர வேண்டும். நடுவில் "முடியலடா, வந்து கூட்டிக்கிட்டுப் போ" என்று நான் போன் போட்டால் சாவி அவனுக்கு, கொல்லை குத்தகைக்கு. போடவில்லை என்றால் நான் கண்ணை மூடுகிறவரை சாவி எனக்கு.

"இதுக்குப் பேரு கேம்பிங், அப்பத்தா" என்று பேத்தி போனில் படம் காட்டினாள். பெரிய பெரிய பைக்கில் போகிற பையன்கள் கூடாரம் போட்டு, அடுப்புப் பற்ற வைத்து, தங்களையே படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு பையன் தீ மூட்டுவதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. கொட்டை விழுகிற காலத்தில் மாதக்கணக்கில் கொல்லையில் காவல் படுத்தவள் நான். நாங்கள் அதற்கு இங்கிலீஷில் பெயர் வைக்காததால் யாரும் படம் எடுக்கவில்லை.

மாசி பிறந்ததும் ஒரு காலையில் கிளம்பினேன். தார்ப்பாய், கயிறு, சாக்கு, கம்பளி, சின்னப் பாத்திரம், புளிச்சோறு, சுக்குத் தூள், டார்ச். பின்னால் நிமிர்த்திக் கட்டியது ஒரு விளக்குமாறு. ஹெல்மெட்டுக்குள் கொண்டை அடங்காததால் அவிழ்த்துப் பின்னிக்கொண்டேன். மூத்தவன் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு டயரை அமுக்கிப் பார்த்தான், காற்று அடித்தான், வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். "போயிட்டு வரேன்டா" என்றேன். "ம்" என்றான். அந்த ஒரு "ம்"முக்குள் அவன் அடக்கியதை எல்லாம் அரியலூர் தாண்டும்வரை நினைத்துக்கொண்டே போனேன்.

அரியலூர் வரை லாரிகளின் ஊர்வலம். ரோடு ஓரத்துப் புளிய மரமெல்லாம் சுண்ணாம்புத் தூசியில் வெள்ளை பூசினது போல நின்றன. நான் ஓரமாகவே ஒட்டிப் போனேன். பெரம்பலூர்ப் பக்கம் வந்ததும் காற்றில் வெங்காய வாசம். சின்ன வெங்காயத்தைக் குவித்து ஓலை மூடிப் பட்டறை போட்டிருந்தார்கள். துறையூர் ரோட்டில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தியதும் ஒரு பெண் வந்து என் விளக்குமாற்றைத் தடவிப் பார்த்தாள்.

"இது என்ன வெலங்க?"

"விக்கறதுக்கு இல்லம்மா. நான் கேம்பிங் போறேன்."

அவள் டீக்கடைக்காரரைப் பார்த்தாள். அவர் என்னிடம் காசு வாங்கும்போது, "பத்திரமாப் போங்க" என்றார். எந்த ஆஸ்பத்திரிக்கு என்று கேட்காததுதான் பாக்கி.

மலையடிவாரத்துச் செக்போஸ்டில் காவல்காரர் வழிமறித்தார். லைசென்ஸ் கேட்டார். கொடுத்தேன். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "காட்டுக்குள்ள தங்கக் கூடாதும்மா. மேல ஊரு இருக்கு, பட்டா நெலம் இருக்கு, அங்க யாரையாவது கேட்டுத் தங்கிக்குங்க" என்றார். சரி என்றேன். இந்த "கேட்டு" என்பதை நான் சரியாகக் காதில் வாங்கியிருந்தால் பிறகு நடந்தது நடந்திருக்காது.

மலைப்பாதையைப் பற்றி என்ன சொல்வது! முதல் வளைவில் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தேன். இரண்டாவதில் கை பழகிவிட்டது. ரோடு மேலே மடங்குகிற இடத்தில் வண்டி என் எடையையும் மூட்டையையும் சுமக்க மாட்டாமல் முனகும். அப்போது இறங்கிவிடுவேன். ஆக்ஸிலேட்டரை லேசாகத் திருகிக்கொண்டு வண்டியோடு கூடவே நடப்பேன், மாட்டைப் பிடித்துக்கொண்டு நடக்கிற மாதிரி. வளைவு முடிந்ததும் ஏறிக்கொள்வேன். மேலிருந்து பஸ் இறங்கினால் ஹாரனை வைத்தே எந்தப் பக்கம் வருகிறது என்று தெரிந்தது. ஒரு வளைவில் நின்று கீழே பார்த்தேன். நான் வந்த ரோடு, அவிழ்த்துப் போட்ட பாவாடை நாடா மாதிரி கிடந்தது. அதன் மேல் நான் ஊர்ந்து வந்திருக்கிறேன் என்று நினைத்ததும் எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது. யாரும் இல்லை, ஆகவே வாய்விட்டுச் சிரித்தேன். காது அடைத்திருந்ததால் என் சிரிப்பு எனக்கே யாரோ சிரிப்பது போலக் கேட்டது.

மேலே போனால் நம்ம ஊர் மாதிரியே முந்திரி. மரவள்ளி, பலா, நடுநடுவே முந்திரி. ஒரு மேடேறி வளைந்ததும், கிளை தரை தட்டப் படர்ந்த ஒரு பெரிய முந்திரி மரம். பக்கத்தில் வீடு எதுவும் கண்ணில் படவில்லை. இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? வண்டியை நிறுத்தி, விளக்குமாற்றை அவிழ்த்தேன்.

முந்திரி மரத்தடியில் சருகு முழங்கால் அளவுக்குக் கிடக்கும். அதன் மேல் படுத்தால் எது ஊர்கிறது என்று தெரியாது. கொட்டை விழுகிற காலத்துக்கு முன்னால் மரத்தடியைக் கூடம் மாதிரி பெருக்கிவைப்பது எங்கள் வழக்கம். விழுந்த கொட்டை சருகுக்குள் ஒளிந்துகொள்ளாமல் கண்ணில் படும். என் கை அதற்குப் பழகிய கை. படுக்கிற அளவுக்கு மட்டும் பெருக்கியிருக்கலாம். மரத்தின் நிழல் எவ்வளவு தூரம் விழுந்ததோ அவ்வளவும் வட்டமாகப் பெருக்கி, சருகைக் கரைபோலக் குவித்து நிமிர்ந்தேன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மரத்தடி பளிச்சென்று இருந்தது.

"யாரு? யாரு பெருக்கச் சொன்னா?"

மரவள்ளிக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். கையில் கொடுவாள்.

"யாரும் சொல்லலம்மா. நானாத்தான்..."

"யாரும் சொல்லாமலா கீழநாட்டுலேருந்து வெலக்குமாத்தக் கட்டிக்கிட்டு வருவ? எங்க மூத்தாருகிட்ட எவ்வளவு கொடுத்த?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் ஒரு மரத்தடியை யார் பெருக்குகிறார்களோ அவர்கள்தான் அந்த வருஷம் மரத்தைக் குத்தகை எடுத்தவர்கள். பெருக்கிவிட்டால் இனி அந்த மரத்துக் கொட்டையை வேறு ஒருவர் தொடக் கூடாது. கீழேயிருந்து குத்தகைக்கு வருகிறவர்கள் அந்த வழக்கத்தையும் மலைக்குக் கூடவே ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். நான் படுக்க இடம் பண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். ஊருக்கு நான் சொல்லிக்கொண்டிருந்தது, மரம் என்னுடையது என்று.

சத்தம் கேட்டு அவளுடைய மூத்தார், புருஷனின் அண்ணன், மேட்டிலிருந்து இறங்கி வந்தார். மரம் இரண்டு பேர் நிலத்துக்கும் எல்லையில் நிற்கிற மரம். இந்த வருஷம் கொட்டை எடுக்கிறது அவள் முறையாம். அவர் வந்ததும் என்னைப் பார்க்கவில்லை, பெருக்கின தரையைப் பார்த்தார். அவளிடம் திரும்பினார்.

"ஒரு வார்த்த சொல்லாம குத்தகைக்கு விட்டுட்டியா?"

"நான் விட்டேனா? நீங்க விட்டுட்டு எங்கிட்டத் திருப்புறீங்களா?"

"எம் பிள்ளைங்க மேல சத்தியமா..."

"பிள்ளைங்கள எதுக்கு இழுக்குறீங்க!"

நடுவில் நான் நின்று, "ஏங்க, நான் தூங்க வந்தவங்க" என்றேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வூட்ட வுட்டுட்டு இம்மாந் தூரம் தூங்கவா வந்த?" என்றாள் அவள். யோசித்தால் நியாயமான கேள்வி. கேட்ட கையோடு விறுவிறுவென்று போய் வண்டிச் சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். எந்தச் சாவிக்காக இவ்வளவு தூரம் வந்தேனோ அதே சாவி.

"ஒனக்குப் புள்ளைங்க இருக்கா?"

"ஆறு."

"ஒருத்தருக்குப் போன் போடு. அவங்க வாயால சொல்லட்டும், குத்தகை இல்லன்னு. அப்புறம் சாவி."

போன் என் மடியில்தான் இருந்தது. மூத்தவனின் பெயருக்குப் பதிலாகப் பேத்தி அதில் லாரிப் படம் போட்டு வைத்திருக்கிறாள். ஒரு தடவை தொட்டால் போதும். மற்ற ஐந்து பேரில் யாரைக் கூப்பிட்டாலும் சேதி அவனுக்குத்தான் போகும். தொட்டால் அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். சொல்லவும் வேண்டாம், கேட்கவும் வேண்டாம், ராவோடு ராவாக வந்து நிற்பான். நான் பள்ளத்தில் இறங்கிய அன்று வந்து நின்ற மாதிரி. அவன் முகத்தைப் பார்த்த பிறகு சாவியைத் திருப்பிக் கேட்க எனக்கே வாய் வராது.

"போன் போட மாட்டேன்" என்றேன்.

"ஏன்?"

"போட்டா எனக்குக் கொல்ல இல்ல."

அவளுக்குப் புரியவில்லை. மூத்தாருக்கும் புரியவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளம், சாவி, வாய்ச்சண்டை, பந்தயம். நிதானமாகத்தான் சொன்னேன், எனக்கு வேகமாகப் பேச வராது. அவர் பாதியில் கல்லில் உட்கார்ந்துவிட்டார். அவள் உட்காரவில்லை. "நல்லாக் கத கட்டுற ஆயா" என்று சொல்லிவிட்டு, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று மரவள்ளிக்குள் போனாள்.

அவள் வருவதற்குள் ஒன்று செய்தேன். குவித்து வைத்திருந்த சருகை அள்ளி அள்ளி மரத்தடியில் பழையபடி பரப்பினேன். பெருக்கினால் எடுத்துக்கொண்டதாக அர்த்தம் என்றால், பரப்பினால் கொடுத்துவிட்டதாகத்தானே அர்த்தம்? எங்கள் ஊரில் யாரும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. குத்தகை எடுத்தவன் எதற்குத் திருப்பிப் பரப்பப் போகிறான்! மூத்தார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வாயைத் துண்டால் மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு அவரும் இரண்டு கை அள்ளிப் போட்டார்.

அவள் செம்போடு திரும்பி வந்தபோது முகமே வேறாக இருந்தது. தரையைப் பார்த்தாள். "ஐயோ ஆயா" என்று சிரித்தாள். சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "சருகுல படுக்காத, வூட்டு வாசல்ல தார்ப்பாயக் கட்டிக்க. ராத்திரிக்குக் களி கிண்டறேன், திம்பல்ல?"

என் சருகுதான் அவளை இளக்கியது என்று நினைத்துக்கொண்டேன். தார்ப்பாய்க்குக் கயிறு கட்டும்போது எனக்குள் ஒரே பெருமை.

மறுநாள் மலை மேலேயே சுற்றினேன். வளைந்து வளைந்து, ஒரு ஊர் முடிவதற்குள் இன்னொரு ஊர். யாருக்கும் என்னைத் தெரியாது, எனக்கும் யாரையும் தெரியாது. ஆறு பேரை வளர்த்தவள் ஒரு நாள் முழுக்க "அம்மா" என்று கூப்பிடக் கேட்காமல் இருந்தது அன்றுதான். நன்றாகத்தான் இருந்தது. சாயந்திரம் ஆனதும் காது அதைத் தேடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மேட்டில் கல் கூட்டி சுக்குக் காபி போட்டேன். பேத்தி காட்டிய படத்துப் பையனைவிட வேகமாகத் தீ பிடித்தது. திரும்பி வந்ததும் களிக்காரி, "எறங்கறப்ப பிரேக்க ஒரேயடியா அழுத்தாத ஆயா. விட்டு விட்டுப் புடி. சூடேறி வாசம் வந்தா நிப்பாட்டி ஆற விடு. தண்ணி மட்டும் ஊத்திடாத" என்றாள். மரவள்ளி நடுகிறவளுக்கு இவ்வளவு விவரமா என்று ஆச்சரியமாக இருந்தது.

கிளம்புகிற காலையில் மூட்டையைக் கட்ட உதவிக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிறுத்தினாள்.

"ஆயா, சொல்லக் கூடாதுன்னு ஒம் மகன் சொன்னாரு. ஆனா என்னால மனசுல வெச்சுக்க முடியல."

"எந்த மகன்?"

"லாரிக்காரரு. வண்டிக்குப் பின்னால போன் நம்பர் ஒட்டியிருக்கே, பாக்கல? அன்னிக்குத் தண்ணி எடுக்கப் போனப்பவே அவருகிட்டப் பேசிட்டேன்."

குனிந்து பார்த்தேன். பின் சக்கரத்து மட்கார்டில், மூட்டைக்குக் கீழே, வெள்ளை ஸ்டிக்கர். காற்று அடிக்கிறேன் என்று சுற்றிச் சுற்றி வந்தானே.

"என்ன சொன்னான்?"

"வெலக்குமாறு வெச்சிருக்காங்களான்னு கேட்டாரு. ஆமான்னேன். அப்ப எங்கம்மாதான், அது எங்க போனாலும் பெருக்கிட்டுத்தான் ஒக்காரும், குத்தகையும் இல்ல ஒண்ணும் இல்ல, சாவியக் கொடுத்துடுங்கன்னாரு. நான் பேசுனது தெரிஞ்சா தோத்துட்டதா நெனச்சுக்கும், சொல்லிடாதீங்கன்னாரு. ரெண்டு நாளா போன் அடிச்சுக்கிட்டே இருக்காரு ஆயா. தின்னாங்களா, குளிருதா, பிரேக்க இப்படிப் புடிக்கச் சொல்லுங்கன்னு..."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். அவள் மரவள்ளிக் கிழங்கு ஒரு பை நிறையக் கொடுத்தாள். கொட்டை எடுக்கிற காலத்தில் எங்கள் கொல்லைக்கு வா என்றேன்.

முதல் சில வளைவுகள் இறங்குகிறவரை கோபம்தான். என்னைச் சின்னப் பிள்ளையாக்கிவிட்டானே, கழுத்தில் விலாசச் சீட்டுக் கட்டித் திருவிழாவுக்கு அனுப்பின மாதிரி. பிறகு பிரேக் வாசம் வந்தது. நிறுத்தி, ஆற விட்டு, கல்லில் உட்கார்ந்தேன். போன் வந்த உடனே அவன் லாரியையாவது காரையாவது எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். சாவி அவனுக்கு, கொல்லை குத்தகைக்கு. அவன் ஆசைப்பட்டதெல்லாம் கையில் வந்து விழுந்த நேரத்தில் அவன் வரவில்லை. பயந்துகொண்டே இரண்டு ராத்திரி அங்கேயே உட்கார்ந்திருக்கிறான், நான் ஜெயிப்பதற்காக. பெற்றவள் நான். எனக்கே இந்த அளவு பொறுமை இருந்திருக்காது. சக்கரம் எப்போதோ ஆறிவிட்டது. நான் எழுந்திருக்கக் கொஞ்ச நேரமானது.

வீட்டு வாசலில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அன்று அவன் ஏன் வேலைக்குப் போகவில்லை என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

"வந்துட்டியா?"

"வந்துட்டேன்."

"யாரையும் கூப்புடலியே?"

"நான் கூப்புடல."

"அப்ப சரி" என்று எழுந்து, கையை நீட்டிச் சாவியை வாங்கினான். வண்டியை நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போய், பிரேக் கம்பியை இறுக்கி, மட்கார்டைத் துணியால் துடைத்தான். துடைக்கிற சாக்கில் ஸ்டிக்கரை உரித்துச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டதை ஜன்னலில் நின்று பார்த்தேன். பிறகு சாவியைக் கொண்டுவந்து என் தலையணைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "கெழங்கு நல்லாருக்கு" என்றான்.

இப்போது கொல்லையில் கொட்டை விழுந்துகொண்டிருக்கிறது. தினமும் வண்டியில் போய்வருகிறேன். எனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரியாது. நேரில் சொன்னால் "அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று எழுந்து போய்விடுவான். அவன் இப்போது கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான், இலையை விட்டு எழுந்திருக்க முடியாது.

எங்கே கண்ணு, முதலிலிருந்து ஒரு தடவை படி. மெல்லப் படிக்காதே. உங்கப்பனுக்குக் கேட்கிற மாதிரி படி.